தாராளமா எடுத்துக்குங்க

"ஊசி கண்டிப்பா போடணுமா, மேடம்?"

பல் ஆஸ்பத்திரி நாற்காலியில் சாய்ந்திருந்த பஸ் டிரைவர் மறுபடியும் கேட்டார். ஆறடி உயரம், முறுக்கிய மீசை, கனத்த குரல். அவ்வளவு பெரிய மனுஷர் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்திருந்த பிடியைப் பார்த்து, எங்கே அது கழன்று கையோடு வந்துவிடுமோ என்று நர்ஸுக்குத்தான் பயமாக இருந்தது.

"மரத்துப்போறதுக்கு ஊசி போடாம எப்படிங்க? மேல் அண்ணத்துலேர்ந்து சதை எடுக்கணும்ல?" என்றார் டாக்டரம்மா. அவர் ஆபரேஷனுக்கு மட்டும் வந்துபோகிறவர். வருகிறவர்களை முதலில் பார்த்து விவரம் சொல்லி அனுப்புவது இங்கேயே இருக்கும் சின்ன டாக்டர். "சின்ன டாக்டர் எல்லாம் சொன்னாரா?"

"போன வாரமே சொல்லிட்டாரு. கீழ் வரிசையில முன்னாடி ரெண்டு பல்லுக்கு ஈறு இறங்கிப்போச்சு, வேர் வெளியே தெரியுது. அண்ணத்துலேர்ந்து மெல்லிசா ஒரு துண்டு சதை எடுத்து அங்க வெச்சுத் தைக்கணும். இப்படியே விட்டா பல்லு ஆட ஆரம்பிச்சிரும். ஒரு வார்த்தை விடாம கேட்டுக்கிட்டேன்."

பாடம் ஒப்பிப்பது போல் சொல்லிவிட்டு மூச்சு வாங்கினார்.

"அவ்வளவு தெரிஞ்சிருக்கே, அப்புறம் என்ன? தைரியமா இருங்க."

"தைரியமா? சின்ன வயசுல ஊசின்னு சொன்னாலே கட்டிலுக்கு அடியில போய் ஒளிஞ்சவன் மேடம் நான். இப்பகூட டிப்போவுல மெடிக்கல் செக்கப்னு போர்டுல எழுதிப் போட்டா, முந்தின நாளே எனக்கு ஜுரம் வந்துரும்."

நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "அவ்ளோ பயம்னா வீட்டுல அக்காவைத் துணைக்குக் கூட்டிட்டு வந்திருக்கலாம்லண்ணே?"

"நல்லா சொன்னே போ. அவளுக்குத் தெரியாமத்தான் வந்திருக்கேன். தெரிஞ்சா விடவே மாட்டா. டூட்டிக்குப் போறேன்னு சொல்லிட்டு யூனிஃபார்மை மாட்டிக்கிட்டு வந்துட்டேன்."

டாக்டரம்மா கையுறையை இழுத்து மாட்டினார். "சிகரெட் பழக்கம் உண்டா?"

"விட்டுட்டேன். சிகரெட் பிடிக்கிற வாய்னா சதை சரியா ஒட்டாதுன்னு சின்ன டாக்டர் சொன்னாரு பாருங்க, அன்னிக்கே விட்டுட்டேன். மீசை முளைச்ச நாள்லேர்ந்து இருந்த பழக்கம். இப்ப தூக்கம் வரமாட்டேங்குது, கண்டக்டர்கிட்ட எரிஞ்சு எரிஞ்சு விழறேன். ஆனா தொடலை."

டாக்டரம்மா அவரை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். சிகரெட்டை விடச் சொல்லிச் சொல்லி அவருக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். சொன்ன அன்றைக்கே விட்ட ஆளை இப்போதுதான் பார்க்கிறார்.

"காரத்தையும் விட்டாச்சு. அண்ணம் சுத்தமா இருக்கணும்ல? அப்புறம், நம்ம ரத்தம் ஓ பாசிட்டிவ்."

"அதெல்லாம் இதுக்கு வேண்டாங்க."

"சும்மா தெரிஞ்சு வெச்சுக்குங்க. எவ்வளவு சதை எடுப்பீங்க?"

"ஒரு நகம் அளவு."

"போதுமா? பத்தாமப் போச்சுன்னா வம்பு மேடம். ரெண்டு பக்கமும் தாராளமா எடுத்துக்குங்க."

கொஞ்சமா எடுங்க, கொஞ்சமா எடுங்க என்று கெஞ்சுகிறவர்களைத்தான் டாக்டரம்மாவுக்குத் தெரியும். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "சரி, தச்ச பிறகு சூடா எதுவும் கூடாது, மொறுமொறுன்னு எதுவும் கூடாது. முக்கியமா, உதட்டை இழுத்து இழுத்துப் பார்க்கக் கூடாது."

"சாப்பாட்டை மிக்ஸியில அடிச்சு ஆற வெச்சிருவேன். வீட்டுல இருக்கிற கண்ணாடியை எல்லாம் எடுத்து ஒளிச்சு வெச்சிருவேன். அந்தக் கவலையே உங்களுக்கு வேண்டாம்."

"அந்த ரெண்டு பல்லு மேல உங்களுக்கு அவ்வளவு பிரியமா?"

டிரைவர் கூரையைப் பார்த்தார்.

"வீட்டுல இப்பல்லாம் சிரிப்புச் சத்தமே இல்ல மேடம். வாயைக் கையால மூடிக்கிட்டு சிரிக்கிறதெல்லாம் ஒரு சிரிப்பா? ஜில்லுன்னு ஒரு வாய் தண்ணி குடிக்க முடியல. போட்டோ எடுக்கலாம்னா மூஞ்சியைத் திருப்பிக்கிறது. அந்த ரெண்டு பல்லும் போயிருச்சுன்னா..." கைப்பிடியை இன்னும் இறுக்கிப் பிடித்தார். "போகக் கூடாது. அவ்வளவுதான். ஊசியைப் போட்டு இன்னிக்கே எடுத்துருங்க."

டாக்டரம்மாவுக்கு மனசு இளகிவிட்டது. "போகாது. நான் இருக்கேன்ல? வாயைத் திறங்க."

டிரைவர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு வாயைத் திறந்தார். நர்ஸ் விளக்கை இழுத்து நேராக வைத்தாள்.

டாக்டரம்மா முதலில் மேலே பார்த்தார். "அண்ணம் அருமையா இருக்குங்க." அதைக் கேட்டதும் டிரைவரின் முகத்தில் பரீட்சையில் பாஸான களை தெரிந்தது. அப்புறம் கீழ் உதட்டை விலக்கிப் பார்த்தார். கொஞ்சம் குனிந்து இன்னொரு தடவை பார்த்தார். மெல்லிய கம்பியை எடுத்து ஒவ்வொரு பல்லாக ஈறோரம் விட்டுப் பார்த்தார். நர்ஸையும் கூப்பிட்டுக் காட்டினார். அவளும் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"எங்கேயுமே ஈறு இறங்கலையே. பல்லு எல்லாம் கல்லு மாதிரி இருக்கு. உங்களுக்கு எதுக்குங்க ஆபரேஷன்?"

டிரைவர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"எனக்கு எதுக்கு மேடம்? ஈறு இறங்கினது என் சம்சாரத்துக்கு. அண்ணத்துல கத்தி வைக்கணும்னதும் பயந்துபோய் அன்னிக்கு எழுந்து ஓடிட்டா. நீங்க சதையை என்கிட்டேர்ந்து எடுத்து வெச்சிருங்க, தைக்கிறதுக்கு மட்டும் அவளை எப்படியாவது கெஞ்சிக் கூட்டிட்டு வந்துடறேன்."