கடிக்காமல் விட்ட வீடு

பீளமேட்டுக் கம்ப்யூட்டர் சென்டரில் மதியச் சாப்பாட்டு நேரம். சன்னலை அட்டை வைத்து மறைத்திருந்தும் வெயில் ஒரு கோடாய்த் திரையில் விழுகிறது. திரையில் ஓடும் விளையாட்டுக்குள்ளோ பனி பெய்யும் இரவு. கல் பாவிய தெருவின் ஈரத்தில் மஞ்சளாய் நெளிகிறது விளக்கொளி. சென்டரில் பாடம் நடத்தும் பூங்கோதை, மவுஸை அசைக்காமல் உட்கார்ந்திருக்கிறாள். அவள் ஆட்டுவிக்கும் ரத்தக்காட்டேரி பசியில் தள்ளாடுகிறான். எதிரே கதவைத் திறந்த கிழவி, குளிருக்கு உள்ளே வந்து உட்காரச் சொல்லி ஆங்கிலத்தில் கூப்பிடுகிறாள். அந்தக் குரலில் லேசான இருமல்கூட இருக்கிறது.

"கடிங்க மேடம். ரெண்டு மணிக்கு ஸ்டூடன்ட்ஸ் வந்துருவாங்க" என்கிறார் கூட வேலை பார்க்கும் முருகானந்தம், தயிர்சாத டப்பாவுடன்.

"வாங்கன்னு கூப்புடறவங்களப் போயி எப்படிங்க கடிக்கறது?"

"பொம்மைங்க அது. காட்டேரி பசியில செத்தா ஒரு மணி நேர ஆட்டமும் போச்சு. அவன் சொந்த ஊட்டுக்குப் போனாத்தான் சேவ் பண்ண உடும், கூறுகெட்ட கேமு."

"அது குறைதானுங்க. கேமுல தொணைக்கு வார ஆளும் செவுத்துல முட்டிக்கிட்டே நிக்கறான். ஆனா இந்தம்மா பேசறதக் கேளுங்க, எங்க பெரியம்மாளாட்டவே இருக்குது."

காட்டேரியைத் திருப்பித் தெருவில் நடத்துகிறாள். உயிரைக் காட்டும் சிவப்புக் கோடு சுருங்கிக்கொண்டே வருகிறது. பாலத்தருகே அவன் மண்டியிட்டுச் சரிய, திரை கறுக்கிறது.

"போச்சுங்களா?"

"போச்சுங்க. நாளைக்கு மொதல்லயே நாலு எலியப் புடிச்சு ரத்தத்தக் குடிச்சுப்போட்டு, பசியில்லாமப் போயி அந்தம்மாகிட்ட உக்காந்து பேசோணும்."