கடைசிக் கூட்டம்

வளைகுடா நாட்டில், அல் கூஸ் கிடங்கின் தகரக் கூரை மதிய வெயிலில் படபடக்கிறது. சோற்றைப் பிசைந்தபடி தவராசா, சாய்த்து வைத்த கைபேசியில் இலங்கை ஜனாதிபதி வேட்பாளரின் கடைசிக் கூட்டத்தைப் பார்க்கிறான். "எங்களுக்கு வாக்குப் போடாத ஊர்கள் எவையென்று வாக்குகளை எண்ணும்போதே தெரிந்துவிடும்" என்று அவர் சிங்களத்தில் சிரித்துக்கொண்டே சொல்ல, கூட்டம் ஆர்ப்பரிக்கிறது. கூட வேலை செய்யும் சிங்களவன் நிமாலும் பக்கத்திலிருந்து கைதட்டுகிறான். தவராசாவின் விரல்கள் சோற்றுக்குள் நின்றுவிடுகின்றன. எழுந்து தள்ளிப்போய், கிளிநொச்சியில் இருக்கும் மனைவியை அழைக்கிறான்.

"மலர், சனிக்கிழமை வாக்குப் போடப் போகாதை."

"நீங்களும் கேட்டனீங்களோ?" என்கிறாள் மலர். "எனக்கும் பயம்தான். ஆனா போகாட்டி அந்தாளுக்குப் போட்ட மாதிரித்தானே?"

நிமால் திரும்பிப் பார்க்கிறான். தவராசா குரலை இன்னும் தாழ்த்துகிறான்.

"அப்ப வெள்ளனப் போய்ப் போட்டுட்டு வந்து, கதவைப் பூட்டு."