தலையணைக்கு ஒரு தீர்ப்பு

"இந்தத் தலையணை இருக்கிற ரூம்ல இனிமே நான் படுக்க மாட்டேன்."

சொல்லிட்டு என் மனைவி ஜெயபாரதி பாயைச் சுருட்டிக்கிட்டு ஹாலுக்குப் போயி பன்னிரண்டு நாள் ஆச்சு.

நாத்தம் அடிக்குதாம். சைதாப்பேட்டையில கண்ணெதிர்ல அடைச்சு வாங்கின இலவம்பஞ்சு, பத்தொன்பது வருஷமா என் தலைக்குன்னே பள்ளம் விழுந்து பக்குவப்பட்டிருக்கு. தினமும் முகம் புதைச்சுப் படுக்கிற எனக்கு ஒரு நாத்தமும் தெரியலை. அதுக்காக முப்பது வருஷம் கூட வாழ்ந்தவ ஹாலுக்குப் போயிடுவாளா? ராத்திரி புரண்டு படுத்தா பக்கத்துல ஆள் இல்லாம எனக்குத் தூக்கமே வரலை. அதை அவகிட்ட சொல்வேனா? சொல்ல மாட்டேன்.

எல்லாம் எதிர் ஃப்ளாட் சூடாமணி பண்ற வேலைன்னு எனக்கு நிச்சயம். அந்தம்மா வீட்ல எல்லாத்துக்கும் தேதி. பல் பிரஷ்ஷுக்கு மூணு மாசம், பாத்திரம் தேய்க்கிற நாருக்குப் பதினஞ்சு நாள், தலையணைக்கு ரெண்டு வருஷம். வாங்கின தேதி, தூக்கிப் போடற தேதி ரெண்டையும் மார்க்கர்ல எழுதிடுவாங்க. கால்மிதியில கூட இருக்கு. அவங்க வீட்டுக்காரர் பாலகணேஷ் பால்கனியில திரும்பி நின்னா பனியன் முதுகுல 'ஆகஸ்ட் 14 வரை'ன்னு தெரியும். பார்க்கிறவன் அந்த மனுஷனுக்கே கெடு வெச்சிருக்குன்னு பயந்துடுவான்.

ஜெயபாரதி தினமும் காலையில ஆறு மணிக்கு, காபி கூடக் குடிக்காம, அந்த வீட்டுக்குப் போயிப் பத்து நிமிஷம் நின்னுட்டு வருவா. விடியறதுக்குள்ள அப்படி என்ன வம்போ! அங்கதான் என் தலையணைக்கு நாள் குறிச்சிருக்காங்க.

சரி, அந்தம்மாவையே நீதிபதியாக்கிடலாம்னு முடிவு பண்ணினேன். காரணம் இருக்கு. சூடாமணி சாம்பார்ப் பொடி அரைச்சு விக்கிறவங்க. ஆழ்வார்பேட்டை, மயிலாப்பூர் பூரா அந்தப் பொடி வாசனைக்கு ஆள் உண்டு. அந்த மூக்கை மிஞ்சின மூக்கு எது? நாத்தம்னு சொன்னா தூக்கிப் போட்டுடறேன், இல்லைன்னு சொன்னா நீ ரூமுக்குத் திரும்பி வரணும்னு ஜெயபாரதிகிட்ட சொன்னேன்.

அவ முகமே மாறிப் போச்சு. அவங்க எதுக்கு, வேற யாரையாவது கூப்பிடுங்கன்னு கெஞ்சினா. பயந்துட்டான்னு எனக்கு ஒரே குஷி.

ஞாயித்துக்கிழமை விசாரணை. சாட்சிக்குக் கீழ்வீட்டு அப்துல் வஹீத் பாயைக் கூப்பிட்டிருந்தேன். தி.நகர்ல மளிகைக்கடை வெச்சிருக்கார். சூடாமணியோட பொடி அதிகமா விக்கிறது அவர் கடையிலதான். மனுஷர் வாசலோட நின்னு கர்சீஃபை எடுத்து மூக்கைப் பொத்திக்கிட்டார். ஜலதோஷம் போல.

சூடாமணி வந்தாங்க. வாங்கி எத்தனை வருஷம்னு முதல் கேள்வி. தேதியெல்லாம் கேக்கக் கூடாது, மூக்கு மட்டும்தான் பேசணும்னு நான் கண்டிப்பா சொல்லிட்டேன்.

அந்தம்மா தலையணையைக் கையில வாங்கிக்கிட்டு வாசல்ல நின்ன வஹீத் பாயைப் பார்த்தாங்க. அப்புறம் ஜெயபாரதியை ஒரு பார்வை பார்த்தாங்க. இவ லேசா தலையை ஆட்டினா. நீதிபதிக்கே சைகை காட்டறா பாருன்னு எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

சூடாமணி கண்ணை மூடி, மூச்சை நல்லா இழுத்தாங்க.

"ஒரு வாடையும் இல்லையே சார்."

நான் ஜெயிச்சுட்டேன். அன்னைக்கே ஜெயபாரதி பாயைச் சுருட்டிக்கிட்டு ரூமுக்கு வந்துட்டா. நாலு நாளா சுவத்துப் பக்கம் திரும்பி, புடவைத் தலைப்பை மூக்கு வரைக்கும் போர்த்திக்கிட்டுப் படுக்கறா. மே மாசத்துல என்ன குளிரோ. நான் நிம்மதியாத் தூங்கினேன்.

வெற்றியைக் கொண்டாட ஆள் வேணுமே. இன்னைக்கு லிஃப்ட்ல பாலகணேஷ் மாட்டினார். உங்க வீட்டம்மா மூக்கு இருக்கே, கோர்ட்டுக்கே குடுக்கலாம்னு ஆரம்பிச்சேன். அவர் முகம் தொங்கிப் போச்சு. தரை தளம் வந்தும் இறங்காம, கதவை மூடற பட்டனை அமுக்கினார்.

"சார், ரெண்டு வருஷம் முன்னாடி அவளுக்குக் காய்ச்சல் வந்துச்சுல்ல, அதோட மோப்பம் சுத்தமா போயிடுச்சு. மல்லிகைப் பூவும் தெரியாது, ஊசிப்போன சாம்பாரும் தெரியாது. எது கெட்டுப் போச்சுன்னு எப்படிக் கண்டுபிடிப்பா? அதான் எல்லாத்துக்கும் தேதி. தயவுசெஞ்சு வெளியில சொல்லிடாதீங்க. மூக்கில்லாதவ அரைச்ச பொடின்னு தெரிஞ்சா பாய் கூட எடுக்க மாட்டார். பொடிதான் சார் எங்களுக்குச் சோறு."

சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்துட்டு நேரா வீட்டுக்கு வந்தேன். உறையைக் கழட்டி, முதல் தடவையா வேத்து மனுஷன் மாதிரி மோந்து பார்த்தேன். கண்ணுல தண்ணி வந்துடுச்சு. தலையணையைத் தூக்கிட்டுப் போயி கார்ப்பரேஷன் தொட்டியில போட்டுட்டு வந்தேன்.

ஜெயபாரதி வாசல்ல நின்னா. ஜெயிச்ச தலையணையை ஏன் போட்டீங்கன்னு கேட்டா. பாலகணேஷுக்குக் குடுத்த வாக்கு இருக்கே! சும்மாதான், பழசாயிடுச்சுன்னு மழுப்பினேன்.

அவ வாசக் கதவைச் சாத்திட்டு என் பக்கம் திரும்பினா.

"பாலகணேஷ் சொல்லிட்டாரா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. உனக்குத் தெரியுமா, தெரிஞ்சா அன்னைக்கே சொல்லி ஜெயிச்சிருக்கலாமேன்னேன்.

"பாயைச் சாட்சிக்கு நிக்க வெச்சீங்களே, எப்படிச் சொல்ல? நாத்தம்தான்னு தலையை ஆட்டினேன், அவங்க இல்லைன்னு எடுத்துக்கிட்டாங்க."

"சரி, உனக்கு யார் சொன்னா?"

"நல்லாக் கேட்டீங்க. தினமும் ஆறு மணிக்கு அந்த வீட்டு அடுப்புல மல்லியும் மிளகாயும் வறுபடும்போது, போதும் இறக்குன்னு சொல்றது யாரோட மூக்குன்னு நெனச்சீங்க?"