நடுக் கட்டங்கள்

“மாதா மட்டும் இருந்தா எங்க சபையில மாட்ட விடமாட்டாங்க டீச்சர். மடியில ஆண்டவர் வேணும்” என்றான் ஜெபஸ்டின்.

சித்ரலேகா டீச்சர் தலையை அசைத்தார். தூரிகையை டர்பன்டைனில் கழுவிக்கொண்டே இருந்தார். கழுவுவதற்கு அதில் நிறம் எதுவும் மிச்சமில்லை.

பாளையங்கோட்டையில் தன் வீட்டு மாடியில் சனிக்கிழமைதோறும் ஜெபஸ்டின் எண்ணெய் வண்ண ஓவியம் கற்றுத் தந்தான். பழைய இத்தாலிய ஓவியம் ஒன்றின் அச்சுப் படத்தில் கட்டம் போட்டு, கேன்வாஸிலும் அதேபோல் கட்டம் இழுத்து, ஒவ்வொன்றாக நிரப்ப வேண்டும். பொங்கல் கழிந்து மாணவியாக வந்து சேர்ந்த டீச்சர், சிலுவையிலிருந்து இறக்கிய மகனை மடியில் கிடத்தியிருக்கும் தாயின் படத்தைத் தானே எடுத்துக்கொண்டார்.

தாயின் முகம், முக்காடு, துணி மடிப்பு எல்லாம் முடிந்துவிட்டன. ஏந்தினாற்போல் விரிந்த இடது கை, அச்சில் இருப்பதைவிட நன்றாக வந்திருந்தது. மகன் கிடக்க வேண்டிய நடுக் கட்டங்கள் மட்டும் வெள்ளையாகவே இருந்தன.

இன்னொரு தவறும் உண்டு. அச்சுப் படத்தில் பின்னால் ஓடும் ஆறு இளநீலம். டீச்சர் அதைச் செம்மண் நிறத்தில், கரை தெரியாத அகலத்துக்குத் தீட்டியிருந்தார். கேட்டதற்கு, “ஐப்பசியில அப்படித்தான் இருந்துது தம்பி” என்றார். சீவலப்பேரியிலிருந்து கணவரின் ஸ்கூட்டரில் வருகிறவருக்கு, ஆறு என்றால் சொந்த ஊர் ஆறுதான் கையில் வரும் என்று அவனும் விட்டுவிட்டான்.

மடியை அப்படி விட முடியாது. பெரிய வெள்ளிக்குத் தன் மாணவர்களின் படங்களைச் சபை மண்டபத்தில் வைக்கப்போகிறான். அவன் பெயரில் நடக்கும் முதல் கண்காட்சி. மாதா வணக்கம் இல்லாத சபை அது; மாதா படம் நமக்கு என்னத்துக்குவே என்று போதகர் முகம் சுளித்தபோது, மடியில் ஆண்டவர் இருப்பார் என்று உறுதி சொல்லித்தான் நடுச்சுவரில் அதற்கு இடம் வாங்கியிருந்தான்.

“கணக்கு டீச்சரே கட்டத்தை விட்டுட்டுப் போகலாமா?” என்று சிரித்தான்.

“விடை தெரியலன்னா இடத்தை விட்டுட்டு அடுத்ததுக்குப் போங்கன்னுதான் பிள்ளைககிட்ட சொல்லுவேன்.”

டீச்சரின் நெற்றியில் திருநீறு. சைவ வீட்டுக்காரர், சாவு உள்ள படத்தைத் தொடத் தயங்குகிறார் என்று அவனாக ஒரு முடிவுக்கு வந்தான். படம் உங்கள் வீட்டுக்கு வராது, சபையிலேயே இருந்துவிடும், பயப்பட வேண்டாம் என்று தேற்றினான்.

அப்போது அவருடைய கணவர் ஆவுடைநாயகம் மாடிக்கு ஏறி வந்தார். எப்போதும் கீழே ஸ்கூட்டரிலேயே காத்திருக்கிறவர். படத்தின் முன் நின்றார். தாயைப் பார்க்கவில்லை, ஆற்றைத்தான் பார்த்தார்.

“நீங்களே போட்டு முடிச்சிருங்க தம்பி. அவ போட மாட்டா. வீட்டுலயும் ஒரு காரியத்தையும் முடிக்க விடமாட்டேங்கா.”

ஜெபஸ்டினுக்கு நிம்மதியாக இருந்தது. வெள்ளையோடு துளி பச்சையும் காவியும் சேர்த்து, உயிர் போன உடம்பின் நிறத்தைக் குழைத்தான். தூரிகை வெள்ளையைத் தொடப்போன நேரத்தில் டீச்சர் அவன் மணிக்கட்டைப் பிடித்தார்.

அழவில்லை. கரும்பலகையைப் பார்த்து வாசிப்பதுபோல் இருந்தது குரல்.

“எங்க பிள்ளைய ஆத்துல இருந்து இன்னும் எடுக்கல தம்பி.”