வெறும் புல்லு

பார்வையில்லாத மனைவியைக் காட்டித்தான் தாமோதரன் அந்த ஜீப்பில் ஓர சீட்டைக் கேட்டு வாங்கினான். வாங்கியதும் அவனே அதில் உட்கார்ந்துகொண்டான். ஆப்பிரிக்கப் புல்வெளியில் இரண்டு நாளும், கூட வந்தவர்கள் வாயடைத்துப்போகும் போதெல்லாம் அம்சவேணி "என்னங்க அது?" என்று கேட்டாள். "ஒண்ணுமில்ல, வெறும் புல்லு" என்றான். கல்யாணமானதிலிருந்து, எங்கே கூட்டிப்போனாலும், எதைக் கேட்டாலும் அவனிடம் இந்த ஒண்ணுமில்லதான். குட்டியோடு யானைக்கூட்டம் குறுக்கே போனதைச் சாப்பாட்டு மேஜையில் மற்றவர்கள் பேசித்தான் அவள் தெரிந்துகொண்டாள்.

மூன்றாம் நாள் வண்டியில் அவர்கள் இருவர் மட்டுமே. வண்டியை நிறுத்திவிட்டு, ஓட்டுநர் முன்னால் எழுந்து நின்று பைனாகுலரில் தூரத்தைத் துழாவிக்கொண்டிருந்தார். காற்று தாமோதரனின் தொப்பியைப் பிடுங்கிக் கீழே போட்டது.

அவன் பக்கத்துச் சக்கரத்தடியில், உயர்ந்த புல்லுக்குள் மறைவாக ஏதோ படுத்திருந்தது. கனத்த மூச்சு. பச்சை ரத்த வாடை. அம்சவேணிக்கு அது கொஞ்ச நேரமாகவே தெரியும்.

"இறங்கி எடுத்துக்கிறேன். உனக்குத்தான் பாம்புக் காதாச்சே, ஏதாச்சும் கேக்குதா?" என்று கிசுகிசுத்தான்.

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"ஒண்ணுமில்லீங்க. வெறும் புல்லு."

கதவின் கொண்டி விலகியது. கீழே அந்த மூச்சு சட்டென்று நின்றது.