முப்பத்தொன்றாவது பெயர்

"முப்பத்தொன்றாவது பேரை எடுத்துடு" என்றாள் மர்கியோலா.

கல்தச்சன் பெத்ராகே உளியைக் கீழே வைத்தான்.

நாளைக் காலை ஊர்ச் சதுக்கத்தில் திறக்கப்போகும் கல் அது. அடிமைகளாக இருந்து விடுதலை பெற்ற, ஜிப்சிகள் என்று அழைக்கப்பட்ட ரோமா இன மக்கள் நாற்பத்திரண்டு பேரின் பெயர்கள். மூடிய துணியை விலக்க நகராட்சி அழைத்திருந்ததே மர்கியோலாவைத்தான்.

முப்பத்தொன்றாவது பெயர் வோய்கா. மர்கியோலாவின் வம்சம் அவளிடமிருந்துதான் தொடங்குகிறது.

"அக்கா, நீங்களுமா?" பெத்ராகே சலித்துக்கொண்டான். "பல் டாக்டர் பின்வாசல் வழியா வந்து, பன்னிரண்டாவது பேர் தன் குடும்பமே இல்லன்னு சத்தியம் பண்ணிட்டுப் போறார். நான் கேட்கவே இல்ல."

அவள் சிரிக்கவில்லை. கூரைகளுக்குத் தகரம் அடிக்கிறவள். ஏணியிலேயே நின்று பழகிய முதுகு, தரையிலும் வளையவில்லை.

"அடிமையா இருந்தவங்க என்ன, திருடினாங்களா?" என்றான் பெத்ராகே. " என் பாட்டன் பூட்டன் பேரும் இருக்கு, மூணாவது. பெருமையாத்தான் வெட்டினேன். நீங்களும் தலை நிமிர்ந்து நில்லுங்க."

"நிமிர்ந்துதான் நிக்கிறேன். மேல இருக்கிற வரியைப் படி."

படித்தான். '1856ஆம் ஆண்டு, சட்டத்தின்படி, தம் எஜமானரால் விடுவிக்கப்பட்டோர்.'

"எங்க வோய்காவை யாரும் விடுவிக்கல."

பெத்ராகேவுக்குப் புரியவில்லை. பண்ணை எஜமான் தன் கையாலேயே எழுதிக்கொடுத்த பட்டியல் அது. நகராட்சி அதை அப்படியே எடுத்திருந்தது.

"அந்த ஆள் பொய் எழுதினான்" என்றாள்.

சட்டம் வருவதற்கு ஒன்பது வருடம் முன்னால், டான்யூப் ஆறு உறைந்து கிடந்த ஒரு ஜனவரியில், வோய்கா பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு பனிக்கட்டியின் மேல் நடந்து, எஜமானின் கை எட்டாத, துருக்கியர் ஆண்ட எதிர்க்கரைக்குப் போய்விட்டாள்.

எஜமான் நாய்களை விட்டுத் தேடினான். பக்கத்துப் பண்ணைக்காரர்கள் அவனைப் பார்த்துச் சிரித்தார்கள்.

கைக்குழந்தைக்காரி ஒருத்தி தன் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டுப் போனாள் என்று ஒப்புக்கொள்ள அவனுக்கு மனம் வரவில்லை. சட்டம் வந்ததும் அவள் பெயரையும் பட்டியலில் சேர்த்து, நானே விட்டேன் என்று கையெழுத்துப் போட்டான்.

"அவன் மானத்தை எங்க குடும்பம் கல்லுல சுமக்கணுமா?"

பெத்ராகே கல்லையே பார்த்தான். மூன்றாவது பெயரில் அவன் பார்வை நின்றது.

"அப்போ, போகாம இருந்தவங்க?"

"உங்க பாட்டன் நின்னு தாங்கினார். அது லேசுப்பட்ட காரியமில்ல. அவரை அங்கேயே வை. இவ நிக்கல."

"பன்னிரண்டு மணிக்கு லாரி வந்துடும், அக்கா. மேயர் என்னை உயிரோட விடமாட்டார்."

"அப்போ நாளைக்கு நான் துணியை இழுக்கல. கல்லு பொய் சொல்லுதுன்னு மைக்கில சொல்லிட்டு இறங்கிடுவேன்."

சொன்னால் செய்கிறவள் என்பது ஊருக்கே தெரியும்.

"பேரே இல்லாமப் போயிடுமே" என்றான் மெதுவாக.

"எங்க வீட்டில ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரு வோய்கா இருக்கா. இப்போ இருக்கிறவளை உன் தம்பிக்கு நல்லாவே தெரியும். கல்யாணத்துக்கு முந்தின நாள் வேணாம்னுட்டுப் போனவ."

பெத்ராகேவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே உளியை எடுத்தான்.

வோய்காவின் எழுத்துகள் பொடியாக உதிர்ந்தன. இருந்த இடத்தில் ஒரு சாண் நீளத்துக்குப் பள்ளம் விழுந்தது. அதைப் பூசி மறைக்கக் கலவை எடுக்கப் போனவனின் கையை மர்கியோலா பிடித்தாள்.

"அடைக்காதே."

லாரிக்காரர் சரியான நேரத்துக்கு வந்தார். கையிலிருந்த சீட்டைப் பார்த்து, கல்லின் மேல் விரலை வைத்து ஒவ்வொன்றாக எண்ணினார். பள்ளத்தில் விரல் நின்றது.

"நாற்பத்திரண்டுன்னு போட்டிருக்கு. ஒரு ஆள் குறையுதே, எங்கே?"

பெத்ராகே தூசியைத் துடைத்துக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல் சொன்னான்.

"ஆத்தைத் தாண்டிப் போயிட்டா."