ஆளுக்குப் பாதி

முதலில் கால்களை வெட்டினான் அருள்ராஜ். தாமரை போட்ட அலறல் ஆறாவது மாடி முழுக்கக் கேட்டது. நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டு, நடு உடம்பில் ரம்பத்தை வைத்தான்.

டைனிங் டேபிள் இரண்டாகப் பிளந்து விழுந்தது.

"ஏட்டி, இது எனக்கு, அது உனக்கு. மூணு வருசம் புருசன் மாதிரி இருந்திருக்கேன். வெறுங்கையோட நிப்பேன்னு நெனச்சியோ?"

தாலி கிடையாது, பதிவு கிடையாது. துபாய் கராமாவில் அவள் இருந்த ஃபிளாட்டுக்கு ஒற்றைப் பெட்டியோடு வந்து சேர்ந்தவன் அவன். நேற்று அவன் அவளைக் கன்னத்தில் அறைந்ததும் "கலாஸ், எல்லாம் முடிஞ்சுது" என்றுவிட்டாள். இன்று பாகப்பிரிவினை. சைட்டிலிருந்து மின்ரம்பமும் சுத்தியலும் அவனே கொண்டு வந்திருந்தான்.

"சரி, நான் போயிடுறேன். சாமானையாவது முழுசா விடு அருள்."

"நீதான் போவணும். வீட்டு வாடகைக் காண்ட்ராக்ட் என் பேர்ல இருக்கு, தெரியும்லா?"

தெரியும். பொம்பளை பேரில் வீடு இருப்பது கேவலம் என்று நச்சரித்து, போன மாதம்தான் மாற்றிக்கொண்டான். டைப்பிங் சென்டரில் ஐந்து பக்கம் நீட்டினார்கள். ஒரு வரி படிக்கவில்லை. விரல் வைத்துக் காட்டிய இடத்திலெல்லாம் கம்பீரமாகக் கையெழுத்துப் போட்டான்.

"சோஃபாவை மட்டும் தொடாதே! கும்பிட்டுக் கேக்குறேன்!"

சோஃபா கிழிந்தது. பஞ்சு பறந்தது.

"ஐயோ, கட்டில்!"

கட்டில் பிளந்தது. அவள் எதைச் சொல்லி அழுதாளோ, அடுத்து அதை உடைத்தான். தேடுகிற வேலை மிச்சம்.

அலமாரிக் கண்ணாடியில் சுத்தியல் இறங்கியது. சில்லு தெறித்து அவள் முழங்கையில் ரத்தம் வழிந்தது. அவன் திரும்பிப் பார்த்தான். இன்னொரு கையில் ரம்பம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"டிவி?" என்றான்.

"அதுவுமா?" என்று விம்மினாள்.

அதுவும். அப்புறம் ஃப்ரிட்ஜ். பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டினார். இவன் பதிலுக்குச் சுத்தியலால் தட்டினான். அவர் நிறுத்திக்கொண்டார்.

எல்லாம் முடிந்து, தன் பங்கு சோஃபாவில் உட்கார்ந்தான். அது சாய்ந்தது. எழுந்து நின்றுகொண்டான்.

"உன் பாதிய எடுத்துட்டு எறங்கு."

"வேண்டாம். ரெண்டு பாதியும் நீயே வச்சுக்க."

"இப்பமாவது தெரிஞ்சுதா, நான் யாருன்னு?"

துப்பட்டாவை முழங்கையில் கட்டிக்கொண்டு, துணிப்பெட்டியை இழுத்தபடி வெளியேறினாள் தாமரை. லிஃப்ட் கதவு மூடியதும் கண்ணைத் துடைத்தாள். ஃபிளாட்டை வாடகைக்கு விட்ட ஓனர் நெய்னா முகம்மதுவுக்குப் போன் போட்டாள்.

"பாய், உங்க ஃபர்னிச்சர் எல்லாம் சரியா இருக்கான்னு இப்பவே வந்து பாத்துக்கங்க."